புருவத்தில் இருக்கும் கேள்விக்குறி

வாயை மூடிக்கொண்டால்தான் நடக்கும் தொழில் என்னுடையது.

கே.கே. நகரில் ஒரு தையல்கடை மாடியில் சைகை மொழி வகுப்பு நடத்துகிறோம். பாடம் எடுப்பவர் சகாயராஜ், பிறவியிலேயே காது கேளாதவர். அவர் கையால் சொல்வதை, தத்தளிக்கிறவர்களுக்கு மட்டும் நான் வாயால் சொல்வேன். என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. அதனால் எனக்கு இது வீட்டு மொழி. படிக்க வருகிறவர்கள் அத்தனை பேரும் காது நன்றாகக் கேட்பவர்கள். தொல்லையே அங்கேதான் ஆரம்பம். பாட்டு வாத்தியார்களும் டிரைவிங் ஸ்கூல்காரர்களும் இதைப் படித்தால் என் பாடு புரியும். சகாயராஜ் சொன்னார் என்று வரும் இடமெல்லாம், கையால் சொன்னார் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

எந்த மீடியம்?

உறையூரிலிருந்து ஒரு அம்மா சேர வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காது கேட்காதாம், அவளோடு பேச ஆசை. உட்கார்ந்ததும், "இது தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?" என்றார். இரண்டும் இல்லை, சைகை மொழி என்பது தமிழைக் கையால் எழுதிக் காட்டுவது அல்ல, அது தனி மொழி, அதற்கென்று இலக்கணம் உண்டு என்றேன். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் நாடு முழுக்கச் சமாளித்துவிடலாம் என்றும் சொன்னேன்.

அதுவரை சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இந்தி படிக்காமலே டெல்லி வரைக்கும் பேசிட்டு வந்துடலாம்னு சொல்லுங்க!"

நாமகரணம்

சைகை மொழியில் ஒருவர் பெயரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்து ஒரு அடையாளம் வைத்துவிடுவார்கள். கன்னத்தில் மச்சம், சுருட்டை முடி, எதுவாகவும் இருக்கலாம். எனக்கு மூக்கைத் தடவிக் காட்டுவார்கள். காரணத்தை என் மூக்கைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாதன் என்று ஒருவர் வந்தார். பேங்க்கில் வேலை. காது கேளாத வாடிக்கையாளர்களிடம் ஒழுங்காகப் பேச வேண்டும் என்று, சாயங்காலம் பஸ் பிடித்து வருவார். நெற்றியில் பளிச்சென்று திருமண். சகாயராஜ் யோசிக்கவே இல்லை. தன் நெற்றியில் விரலால் நாமத்தை இழுத்து, 'இதுதான் உங்கள் பெயர்' என்றார். ரங்கநாதனுக்கு முதலில் பெருமை. அப்புறம் என்ன தோன்றியதோ, பதறிப்போய்க் கை கூப்பினார். "ஸ்வாமி, பேங்க்ல வந்து இதைப் பண்ணிடாதேள். கவுன்டர்ல நிக்கறவா எல்லாம் டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டுடுவா!"

போனில் படித்தவள்

காலேஜ் மாணவி ஸ்டெல்லா வரும்போதே பாதி படித்துவிட்டு வந்தாள், போன் வீடியோ பார்த்து. ஒற்றைக் கையால் ஏ, பி, சி, டி என்று சரசரவென்று காட்டினாள். சகாயராஜ் மரியாதையாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு அமெரிக்காவுல இருந்து எப்ப வந்துச்சு?" என்றார். அவள் படித்தது அந்த ஊர் எழுத்து. நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு கையும் வேண்டும்.

வீடியோ பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் நீச்சல் மாதிரி, தண்ணீரில் இறங்காமல் வராது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் காது கேளாத நண்பர்கள் ஒரு டீக்கடையில் கூடுவார்கள், அங்கே போய் உட்கார் என்று அனுப்பினோம். மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க மேடம். காதே வலிக்குது!"

துண்டுக்குக் கீழே

இனி பெரியண்ணன். ஜீயபுரத்துப் பக்கம் வீடு, தொழில் மாட்டுத் தரகு. மகள் செல்விக்குக் காது கேட்காது. வெளியூரில் விடுதிப் பள்ளியில் படித்தவள். அங்கே தோழிகளோடு சைகையில் சரளமாகப் பேசுவாள். வீட்டில் சாப்பாடு, தூக்கம், வா, போ. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. இப்போது அவளுக்குச் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். கழுத்தில் தாலி கட்டுவது போல் காட்டினார்களாம், அவள் தலையாட்டினாளாம். வீட்டில் அம்மா, அண்ணன் எல்லாருக்கும் சந்தோஷம், இவருக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. "தலையாட்டுச்சுங்க. மாடு கூடத்தான் தலையாட்டும். பூ வைக்கறதுக்கு முன்னாடி நானே அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடணும்."

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்வி: உனக்குச் சம்மதமா? கை பழகிய கைதான். சந்தையில் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசியே வளர்ந்தவர். வந்த வினை அதுதான். பாடம் நடக்கும்போது கை தன்னால் துண்டுக்குள் போய்விடும். பார்க்க வேண்டிய மொழியை ஒளித்துவைத்துப் பேசினால் எப்படி? சகாயராஜ் துண்டைப் பிடுங்கி ஜன்னல் கம்பியில் போட்டார். பெரியண்ணன் கூசிப்போனார். "இத்தனை பேர் பாக்கக் கையை நீட்டினா வெலை கெட்டுப் போயிடுமேங்க!"

கண்ணாடி முன்னால்

கை திருந்தியது, முகம் திருந்தவில்லை. தமிழில் 'சம்மதம்' என்பதோடு ஒரு 'ஆ' சேர்த்தால் கேள்வி. சைகையில் அந்த 'ஆ' புருவத்தில் இருக்கிறது. புருவத்தைத் தூக்கி, தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினால்தான் 'சம்மதமா?' இல்லாவிட்டால் வெறும் 'சம்மதம்'. இவரோ மாடு பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை முகத்தில் காட்டாமலே தலை நரைத்தவர். எத்தனை முறை செய்தாலும் முகம் கல்லு மாதிரி இருந்தது. "இவர் கேள்வி கேக்கலை, தீர்ப்பு சொல்றாரு" என்றார் சகாயராஜ். நாங்கள் சிரித்தோம். பெரியண்ணன் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக மகளிடம் தீர்ப்புதான் சொல்லியிருக்கிறோம் என்று அவருக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும்.

அந்த வாரமே அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். "ஏங்க, அங்க என்னதான் சொல்லிக் குடுக்கறீங்க? இந்த வயசுல மனுஷன் கண்ணாடி முன்னாடி நின்னு புருவத்தைத் தூக்கித் தூக்கி இறக்கறாரு!"

பதில்

அடுத்த வாரம் செல்வியையும் கூட்டிக்கொண்டு வந்தார். தோளில் துண்டு இல்லை. கேட்டுவிட்டாராம். அவள் முதலில் அப்பாவின் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு, 'வேண்டாம்'. அது அவருக்குப் புரிந்தது. அதற்கப்புறம் அவள் கை நிற்கவே இல்லையாம். அதில் ஒன்றும் புரியாமல்தான் இங்கே வந்திருந்தார்.

செல்வி மறுபடி சொன்னாள், நான் வாயால் சொன்னேன். "எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க, அதனால தலையாட்டினேன். பொண்ணு பார்க்க வந்த அந்த ஆள் ஒரு தடவை கூட என் முகத்தைப் பார்க்கலை. அண்ணன்கிட்டயே பேசிட்டுப் போயிட்டாரு. கல்யாணம் வேண்டாம்னு சொல்லலை அப்பா. என்னைப் பார்த்துப் பேசற ஆள் வேணும்."

பெரியண்ணன் அங்கேயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். "பொண்ணுகிட்ட இப்பத்தாங்க கேட்டோம். வேண்டாங்குது. மன்னிச்சுக்குங்க." போனை வைத்தவர் மகளைப் பார்த்தார். அவள் ஏதோ கேட்டாள், கை வேகமாக ஓடியது. அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு புருவம் மட்டும் தன்னால் மேலே போயிற்று. பிறகு எங்களிடம் சண்டைக்கு வந்தார். "கேக்க மட்டும்தானங்க சொல்லிக் குடுத்தீங்க. பதிலைப் புரிஞ்சுக்கறது எந்தப் பாடத்துல வருது?"

காது கேளாதவர்களுக்குச் சொல்லித் தருகிறேன் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், காது கேட்கிறவர்களுக்குக் கேட்கச் சொல்லித் தருவதற்கே எனக்குப் பொழுது போதவில்லை.