பதினாறு நாள் கையெழுத்து

கைக்கடிகாரத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை 'விநாடி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கைக்கடிகாரம் நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது, எத்தனை விநாடி பிந்துகிறது என்று பார்ப்பது அவள் வேலை.

அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் கப்பல்களுக்குக் கடிகாரம் செய்தது. நடுக்கடலில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை மாலுமிகள் அவற்றை நம்பித்தான் கணக்கிட்டார்கள். கம்பெனி மூடி எண்பது வருடம் கழித்து, பெயரை மட்டும் வாங்கிய புது முதலாளி, அதே வெள்ளை முகப்பும் நீல முள்ளுமாக விலையுயர்ந்த கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தார். பெட்டிக்குப் பெட்டி ஓர் அட்டை: 'பதினாறு நாள் சோதிக்கப்பட்டது.' கீழே அவள் கையெழுத்து.

அறிமுக விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது முப்பத்தெட்டு கடிகாரங்கள் அவள் மேஜைக்கு வந்தன.

"அஞ்சு நாள்ல பதினாறு நாளை எங்க சார் கொண்டு வர்றது?"

"எல்லாம் ஒரே மாதிரி செஞ்சதுதானே அக்கா. கையெழுத்தைப் போட்டுக் குடுங்க," என்றார் மேனேஜர். கெஞ்சலா மிரட்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

மூன்றாம் நாளே, குளிர் தாங்குமா என்று பார்க்கக் குளிர்பெட்டியில் வைத்தவற்றில் சில நாளுக்குப் பத்து விநாடி பிந்தின. சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனசே இல்லாமல் முப்பத்தெட்டு அட்டையிலும் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் சொன்னபோது, பஸ் ஓட்டும் கணவர் சிரித்துவிட்டார். "பத்து விநாடிக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்கே? என் வண்டி தினம் இருபது நிமிஷம் லேட்டு. ஜனங்க திட்டிக்கிட்டே ஏறிக்கிறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அவள் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்த முப்பத்தெட்டில் ஒன்றை வாங்கிய, ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி. தினமும் பகல் பன்னிரண்டுக்கு ரேடியோ மணியோடு ஒப்பிட்டு நாற்பது நாள் குறித்திருந்தார். நாளுக்குப் பத்து விநாடி பின்தங்கல். ஆனால் கடிதத்தில் புகாரே இல்லை. 'பதினாறு நாள் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். ஆகவே பிசகு என்னுடையதுதான். கண்ணில் குறையில்லை என்கிறார் டாக்டர். அடுத்து மூளையைச் சோதிக்கச் சொல்லப் போகிறேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.'

கடிதத்திலிருந்த எண்ணுக்கு அங்கேயே போன் போட்டாள்.

"ஐயா, உங்ககிட்ட ஒரு கோளாறும் இல்ல. நான்தான் சரியாப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"புத்தி தடுமாறுதோன்னு பயந்துக்கிட்டு இருந்தேம்மா," என்றார். திட்டவில்லை. பிறகு கேட்டார்: "மத்ததெல்லாம் யார் கையில இருக்கு?"

அன்றே முப்பத்தெட்டு கடிகாரங்களின் வரிசை எண்களையும் எழுதி முதலாளி மேஜையில் வைத்தாள்.

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே அக்கா," என்றார் மேனேஜர்.

"இருந்தேனே சார். அதனால வந்ததுதானே இது."

'இலவசப் பராமரிப்பு' என்று சொல்லிக் கம்பெனி கடிகாரங்களைத் திரும்ப வரவழைத்தது. உண்மையைச் சொல்லவில்லை. அவளை வேலையைவிட்டு நீக்கவும் இல்லை. அட்டையில் கையெழுத்துக்குப் பதில் அச்சிட்ட முத்திரை வந்தது. இருபத்தாறு கடிகாரங்கள் திரும்பி வந்தன. பாக்கிப் பன்னிரண்டு பேருக்கும் தானே எழுதுவதாக முகவரி கேட்டாள். கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் கடிகாரத்தைச் சந்தேகிக்கிறார்களா, தங்களையே சந்தேகிக்கிறார்களா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.