பிறந்த தேதிக் கட்டம்

அந்தக் கல்லூரியின் இணையதளத்தைப் பார்வையில்லாதவர்களும் யார் துணையும் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். இணையதளங்களையும் கோப்புகளையும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி என்று அலுவலகங்களுக்குப் போய்ப் பயிற்சி தருவதுதான் என் வேலை. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சாலையில், உப்பு லாரிகள் ஓயாமல் ஓடும் இடத்தில் இருந்தது கல்லூரி. கணினிப் பிரிவில் இரண்டே பேர். பொறுப்பாளர், அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். மூன்று நாள் பயிற்சி. இருவரும் ஆர்வமாகவே கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மாலை, தளத்தில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மென்பொருளை ஓட்டினோம். எல்லாம் பச்சை. வழக்கமாக நான் அதோடு விடுவதில்லை. பார்வையில்லாத ஒருவரை அழைத்து வந்து, முதலிலிருந்து கடைசி வரை அவரே பயன்படுத்திப் பார்க்கச் சொல்வேன். அன்று வர வேண்டியவருக்குக் காய்ச்சல்.

"அதான் மெஷினே சரின்னு சொல்லுதுல்லா மேடம், இன்னும் என்னத்துக்கு?" என்றார் பொறுப்பாளர்.

கல்லூரி முதல்வர், மற்ற கல்லூரிகளிலும் என்னைப் பற்றிச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். தாமதப்படுத்தி அவர் மனம் கோண வைக்க எனக்கு விருப்பமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்த ஆண்டுச் சேர்க்கைக்குத் தளத்தில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அன்று இரண்டரை மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது.

"அக்கா, நான் உடன்குடில இருந்து பேசுதேன். காலேஜ் சைட்ல உதவிக்கு உங்க நம்பர் போட்டிருக்கு."

என்னைக் கேட்காமலே போட்டிருந்தார்கள். பேசியவள் பிறவியிலேயே பார்வையில்லாதவள். பி.ஏ. தமிழ் முடித்தவள், எம்.ஏ.வுக்கு விண்ணப்பிக்க முந்தின நாள் காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தாள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டு, பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பிவிட்டாள்.

"பிறந்த தேதிலதான்கா நிக்கி. டைப் பண்ணவும் விட மாட்டேங்கு. பட்டன், பட்டன், பட்டன்னு மட்டும் சொல்லுது. நாப்பது தடவ பாத்துட்டேன்."

எனக்கு உடனே புரிந்தது. அந்தக் கட்டத்தைத் தொட்டால் ஒரு நாட்காட்டி விரியும். அதில் மவுஸால் மட்டுமே தேதியைத் தேர்ந்தெடுக்க முடியும்; பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் விசைகளால் முடியாது. அது கண்ணுள்ளவர்களுக்கான நாட்காட்டி. ஒரே ஒருவரை உட்கார வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"விவரத்தச் சொல்லும்மா, நான் போட்டு விடுதேன்" என்றேன்.

"வேண்டாம்கா. போன வருஷம் பிரவுசிங் சென்டர்ல ஒருத்தரு போட்டுக் குடுத்தாரு. பாடத்த மாத்திப் போட்டுட்டாரு. ஒரு வருஷம் வீட்ல இருந்துட்டேன். நானே போடுதேன், நீங்க அத மட்டும் சரி பண்ணித் தாங்க."

நான் அப்போது வற்புறுத்தியிருக்க வேண்டும். "அரை மணி நேரம் பொறு, முடிச்சிருதேன்" என்று சொன்னேன். என் தவறை யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போனேன். அலுவலகத்தில் அந்த இளம்பெண் மட்டும் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் என்னையே பார்த்தாள்.

"நீங்கதான மேடம் சரின்னு கையெழுத்துப் போட்டீங்க?"

குத்திக்காட்டவில்லை அவள். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

நாட்காட்டியை எடுத்துவிட்டு, தேதியைத் தட்டச்சு செய்யும் சாதாரணக் கட்டமாக அவள் தன் கணினியில் மாற்றினாள். சரியாக வந்தது. ஆனால் அதைத் தளத்தில் ஏற்றும் கடவுச்சொல் பொறுப்பாளரிடம் மட்டுமே இருந்தது. அவர் மணப்பாட்டில், தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்தில் இருந்தார். கூப்பிட்டுப் பார்த்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. முதல்வர் வெளியூரில். உடன்குடியிலிருந்து கால் மணிக்கொரு தரம் போன் வந்தது. "ஆயிட்டாக்கா?" என்று மட்டும் கேட்பாள். "இந்தா, ஆயிரும்" என்பேன். மூன்றாவது தடவை என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

நாலு இருபதுக்கு பொறுப்பாளர் கூப்பிட்டார். பின்னால் ஒரே சத்தம்.

"கடைசி நாள்ல சர்வர்ல கை வைக்கக் கூடாது மேடம். மொத்த சைட்டும் படுத்துட்டா யாரு பதில் சொல்ல? திங்கக்கிழம பாத்துக்கிடலாம்."

கெஞ்சினேன். வைத்துவிட்டார்.

அவளை அழைத்தேன். முடியவில்லை என்றேன். "அப்பம் நீங்களே போடுங்கக்கா" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அப்பா பெயர், ஊனத்தின் சதவீதம், ஆதார் எண். எல்லாவற்றையும் ஒரு அந்நியப் பெண்ணிடம் ஒப்பிக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் இரண்டு முறை தவறாக அடித்தேன். கடைசி நேர நெரிசலில் பக்கம் நகர மறுத்தது. நாலு ஐம்பத்தைந்துக்கு, அவள் போனுக்கு வர வேண்டிய ஓ.டி.பி. எண்ணுக்காகக் காத்திருந்தோம்.

"வந்துட்டா?"

"வரலக்கா."

"இப்பம்?"

"இல்லக்கா."

ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு வந்தது. அவள் எண்களைச் சொன்னாள். அடித்தேன். விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது என்று திரை காட்டியது. அதை அவளிடம் வாசித்துச் சொன்னேன்.

திங்கட்கிழமை முதல்வரிடம் போய், சான்றிதழ் தவறு, என் பிழை, அந்த ஒரு பெண்ணுக்காவது விண்ணப்பத்தைத் திறந்து விடுங்கள் என்று கேட்டேன். ஒருத்திக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்றார். அதற்குள் பொறுப்பாளர் அந்தக் கட்டத்தை மாற்றி ஏற்றியிருந்தார். இருபது நிமிட வேலை.

அவளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"சரி பண்ணிட்டாவளா? இருங்க, பாக்கேன்."

போனை வைக்காமலே கணினி முன் உட்கார்ந்தாள். அனுப்ப முடியாவிட்டாலும் படிவம் இன்னும் திறந்தது. விசைகளின் தட்டல் கேட்டது. மென்பொருளின் குரல் பெயர், முகவரி, மதிப்பெண் என்று வாசித்துக்கொண்டே போனது. பிறந்த தேதி வந்ததும் தட்டல் ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தது. கடைசிவரை ஒரு பிழையில்லாமல் நிரப்பி, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். காலம் முடிந்துவிட்டது என்று அந்தக் குரல் அவளுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது.

"இப்பம் நல்லா வேல செய்யுதுக்கா" என்றாள்.