குப்பியில் இருந்தது யாருடையது

ஷிஹாத்தாவுக்கு அரசாங்க உத்தியோகம். நைல் கால்வாயில் மருந்து தெளித்து நத்தைகளைக் கொல்வது. நத்தையிலிருந்து கிளம்பும் புழு தண்ணீரில் நிற்பவனின் தோலைத் துளைத்து, ரத்தத்தில் குடியேறி, முட்டையிட்டே மூத்திரப்பையைக் கிழித்துவிடும் என்று ஊர் ஊராக முழங்குவார். முழங்கி முடித்ததும் பூட்ஸைக் கழற்றி, அதே கால்வாயில் இறங்கிக் கால் கழுவுவார். பெரிய அதிகாரி, புழுவுக்கு அவரைத் தெரியாதா என்ன!

மூத்திரத்தில் ரத்தம் போனதற்கும் அசரவில்லை. "ஆம்பளைன்னா போகத்தான் செய்யும். எங்கப்பனுக்கும் போச்சு" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

இருபது வருடத் தற்காலிக வேலையை நிரந்தரமாக்க மூத்திரப் பரிசோதனை என்று அறிவித்ததும்தான், புழு இருந்தால் வேலை போய்விடுமே என்று ஐயாவுக்கு உறைத்தது. மனைவி இன்ஸாஃபிடம் குப்பியை நீட்டினார்.

"உன்னோடதைப் பிடிச்சுக் குடு."

"எனக்கே எரியுது, ரத்தம் போகுதுன்னு ரெண்டு மாசமாச் சொல்றேன். காதுல விழலியா?"

"அது ஆம்பளைச் சீக்குடி. பொம்பளைக்கு ஏது?"

இருபது வருடமாகக் கால்வாயில் முழங்கால் தண்ணீரில் நின்று அவருடைய சீருடையைத் துவைத்தவள் அவள். அந்த முழக்கத்தில் அவளுக்கு மட்டும் இடமே இல்லை. பாவி மனுஷன்! அவள் குப்பியை வாங்கிக்கொண்டாள்.

மறுவாரம் முடிவு சொல்லும் நாளில், கூப்பிடாமலே அவர் பின்னால் சுகாதார நிலையத்துக்கு வந்து நின்றாள். சோதனைக்காரர் மாஹிர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அண்ணே, முட்டை கொட்டிக் கிடக்கு. வெளியில விரட்டின புழுவுக்கெல்லாம் உள்ளே வீடு குடுத்துட்டீங்களா?"

"இருக்கவே இருக்காது! அது என்..." ஷிஹாத்தா பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பயப்படாதீங்க, வேலை போகாது. மாத்திரை சாப்பிட்டாக் குணமாயிடும். எடையைப் பாத்துத்தான் மாத்திரை குடுக்கணும், ஏறுங்க."

இன்ஸாஃப் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மேடையில் ஏறினாள்.

"ஏய், இறங்குடி!" என்று ஷிஹாத்தா பல்லைக் கடித்தார்.

"இறங்க மாட்டேன். தம்பி, குப்பியில இருந்தது என்னோடது. மாத்திரை எனக்கு."

மாஹிர் அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். எடையைக் குறித்துக்கொண்டு நாலு மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் வைத்தார். ஒரு காலிக் குப்பியை எடுத்து ஷிஹாத்தாவின் கையில் திணித்தார்.

"போங்கண்ணே, கழிப்பறை அந்தப் பக்கம். இந்தத் தடவை தனியாப் போங்க."

இன்ஸாஃப் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தம்ளருக்குக் கை நீட்டினாள்.

"குழாய்த் தண்ணிதானே தம்பி?"