நெடுந்தீவில் தைத்த நோர்வேக் கொடி

2003ஆம் ஆண்டு, ஆவணி மாதம். நெடுந்தீவில் ஒரு பாடசாலையில் சித்திரமும் தையலும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சண்டை நின்று, படகுகள் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த காலம். எங்கள் ஊர்க் கிணறுகளில் முக்கால்வாசி உவர். அதனால் மழைத்தண்ணீரைச் சேர்த்து வைக்க எங்கள் பாடசாலைக்குப் பெரியதொரு தொட்டி கட்டித் தந்தார்கள். உதவி நோர்வே நாட்டினுடையது. தொட்டியைத் திறந்துவைக்க அங்கிருந்தே ஓர் அதிகாரி வருகிறார் என்று அறிவித்தல் வந்தது.

வாசலில் இரண்டு கொடிகள் ஏற்ற வேண்டும் என்றார் அதிபர். இலங்கைக் கொடி அரசாங்கக் கந்தோரிலிருந்து தைத்தே வந்துவிடும். ஏற்றச் சொன்னால் ஏற்றுவோம், இறக்கச் சொன்னால் இறக்குவோம். அதைப் பற்றி நாங்கள் வாய் திறந்து எதுவும் பேசுவதில்லை. நோர்வேக் கொடிக்கு எங்கே போவது? நான் தைக்கிறேன் என்று முன்வந்தேன்.

"ஒருக்கா யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் எடுத்துக் கேப்பமா, ரீச்சர்?" என்றார் அதிபர்.

"ஒரு கொடி தைக்க ரெலிபோன் எதுக்கு, சேர்?" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நூலகத்தில் பழைய தேசப்படப் புத்தகம் ஒன்று இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் உலகக் கொடிகள் எல்லாம் உண்டு. சிவப்பு நிறம், நடுவில் வெள்ளைச் சிலுவை. மூன்று பின்னேரம் இருந்து தைத்தேன். அந்தப் பக்கத்தில் நாடுகளின் பெயர்கள் படத்துக்கு மேலே அச்சாகியிருந்தன. நான் படத்துக்குக் கீழே இருந்த பெயரை, அதாவது அடுத்த கொடியின் பெயரை, வாசித்திருக்கிறேன். அது எனக்குத் தெரிந்தது விழா நாளன்று காலையில்தான்.

அன்றைக்கு முதல் படகில் மொழிபெயர்ப்பாளராக ஒரு பெண் வந்து இறங்கினாள். அதிகாரி அடுத்த படகில் வருவதாக ஏற்பாடு. அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொன்தான் சொந்த இடம், இப்போது நோர்வேயில் இருக்கிறாளாம். நான் பெருமையோடு கொடியை விரித்துக் காட்டினேன். அவள் முகம் மாறியது.

"வடிவாய்த் தைச்சிருக்கிறியள், ரீச்சர். ஆனா இது டென்மார்க்கின்ர கொடி. எங்கட கொடியிலை வெள்ளைக்குள்ளை நீலம் வரும்."

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. பிழை விட்ட வெட்கம் ஒரு பக்கம். அதைவிட அவள் சொன்ன 'எங்கட கொடி' என்ற சொல் என்னைச் சுட்டது. வெட்கத்தில் இருக்கிறவருக்குக் கோபம் கெதியாக வரும் அல்லவா?

"கரம்பொன்னிலை பிறந்த பிள்ளைக்கு எப்ப தொடக்கம் அது எங்கட கொடி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. கொடியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"போகேக்க எனக்குப் பத்தொன்பது வயசு, ரீச்சர். ஒரு மனுசரையும் தெரியாது. இருக்க இடம் தந்து, படிப்பிச்சு, வேலையும் தந்தது அந்த நாடுதான். என்ர ரெண்டு பிள்ளையளும் அங்கதான் பிறந்ததுகள். அவையின்ர தேசிய நாளுக்கு நானும் சேலை உடுத்துக்கொண்டு, அந்தக் கொடியும் கையுமாய் ஊர்வலம் போறனான். அங்க என்னைப் பாத்து 'நீ எந்த நாடு?' எண்டு கேப்பினம். இஞ்ச வந்தா நீங்கள் கேக்கிறியள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"குறை நினையாதையும் பிள்ளை," என்றேன்.

"அதை விடுங்கோ. இப்ப நீலத்துக்கு என்ன செய்யிறது?" என்றாள்.

அதுதான் கேள்வி. நெடுந்தீவுக் கடைகளில் அன்றைக்கு நீலத் துணி இல்லை. யாழ்ப்பாணம் போய்வர ஒரு நாள் வேண்டும். எங்களுக்கோ இரண்டு மணித்தியாலம்தான் இருந்தது. அதிபர் பாவம், கொடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். 'நான் அப்பவே சொன்னனான்' என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

முற்றத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எல்லாருடைய உடுப்பும் பளிச்சென்ற வெள்ளை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூளை வேலை செய்தது. வெள்ளை உடுப்பைத் தோய்த்த பிறகு போடுகிற நீலம்! அது இல்லாத வீடு எங்கள் ஊரில் ஏது? ஓடிப்போய் என் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டு நாலு பக்கற் நீலப்பொடி சேர்த்துக்கொண்டு வந்தேன். தண்ணீரில் கரைத்தால் துணியில் ஊறிப் பரவிவிடும் என்று, சோறு வடித்த கஞ்சியில் தடிப்பாகக் குழைத்தேன்.

"வெள்ளையிலை சரிபாதி நீலம். ரெண்டு பக்கமும் வெள்ளை தெரியவேணும்," என்றாள் அவள். இரண்டு பேரும் நிலத்தில் முழங்காலில் இருந்தோம். கோடு நேராக வர அவள் அடிமட்டத்தைத் துணியில் அழுத்திப் பிடிக்க, நான் பூசிக்கொண்டு போனேன். பாதியில் அவளும் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டாள். பூசப் பூச எங்களுக்குச் சிரிப்பு வரத் தொடங்கியது. ஏன் சிரித்தோம் என்று இன்றும் சொல்லத் தெரியாது. கடைசியில் கொடியில் இருந்த அளவு நீலம் எங்கள் கைகளிலும் இருந்தது. சோளகக் காற்று புண்ணியத்துக்குச் சுழன்றடித்ததால் கொடி கெதியாகக் காய்ந்தது. ஒரு மூலையில் மட்டும் நீலம் கொஞ்சம் வழிந்துவிட்டது.

அதிகாரி வந்தார். நரைத்த தலை, நல்ல உயரம். வாசலில் நின்று கொடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவளுடைய நீலக் கைகளைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் ஒளிக்காமல் முழுக் கதையையும் அவர்கள் மொழியில் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன்.

அந்த மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னிடம் வந்து கை கொடுத்தார். அவர் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள்.

"நீங்கள் பிழை விடேல்லையாம், ரீச்சர். முந்தி அவையள் டென்மார்க் ராசாவுக்குக் கீழைதானாம் இருந்தவை. பிறகு தங்களுக்கெண்டு கொடி வேணுமெண்ட நேரம், அந்தச் சிவப்பு வெள்ளைக் கொடிக்குள்ளைதான் நீலத்தை வைச்சவையாம். நீங்களும் அதைத்தானாம் செய்திருக்கிறியள். என்ன, இருநூறு வருசம் பிந்திப்போச்சாம்!"

அதிபர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு பெற்றோர், பிள்ளைகள், பாதுகாப்புக்கு வந்த நேவிக்காரர் எல்லாரும். விளங்கியவர்களும் சிரித்தார்கள், விளங்காதவர்களும் சிரித்தார்கள். விழா முடிந்ததும் அந்தக் கொடியைத் தனக்குத் தரும்படி அதிகாரி கேட்டார். வழிந்த மூலையை வெட்டித் தைத்துத் தரவா என்று கேட்டேன். வேண்டாம், அந்த மூலையில் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதித் தந்தால் போதும் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

பின்னேரம் வழியனுப்பத் துறைக்குப் போனேன். பதிவு செய்கிற நேவிப் பொடியன் அவளுடைய கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, அரைகுறைத் தமிழில் எந்த நாடு என்று கேட்டான்.

"நோர்வே."

"தமிழ் பேசுறது? ஊர்?"

"கரம்பொன்."

இரண்டையும் அவள் ஒரே குரலில், ஒரே நிமிர்வோடு சொன்னாள். "ரெண்டு இருக்கு. நல்லது, நல்லது," என்று சிரித்தபடி அவன் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தான். படகில் ஏறியவள் தன் நீலக் கையைக் காட்டினாள். நானும் என் கையைக் காட்டினேன்.

அந்தக் கிழமையே ஜேர்மனியில் இருக்கும் என் தம்பிக்குக் கடிதம் எழுதினேன். தனக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது என்று அவன் சந்தோசமாக எழுதியிருந்தான். அது பிடிக்காமல் ஆறு மாதமாக நான் பதில் போடவில்லை. வாழ்த்துச் சொல்லி நாலு பக்கம் எழுதினேன்.

எது என் நாடு என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. ஆனால் இன்னொருவர் 'இது என் நாடு' என்று சொல்லும்போது, அதைச் சொல்லும் உரிமை அவருக்குத்தான், சந்தோசமாகக் கேட்டுக்கொள்வதுதான் என் பங்கு என்பதை மட்டும் அந்த நாள் எனக்குச் சிரிக்கச் சிரிக்கப் படிப்பித்துவிட்டது.