கட்டைவிரலுக்கு யாரும் சொல்லவில்லை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போன்தான் உலகம் என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் ஒரே ஒரு வாரம் மின்னலுக்குப் பதிலாக அந்தப் பார்சல் கிடங்குக்கு வேலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அப்புறம் பேசட்டும்.

மின்னல் என்பது அந்தப் பெண்ணுக்குக் கிடங்கில் வைத்த பெயர். அங்கே தினக்கூலிகளுக்கு நாளைக்கு வேலை உண்டா என்பது நாளைக்குத்தான் தெரியும். சூப்பர்வைசர் தனக்குத் தோன்றுகிற நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்: ‘காலைக்கு ஆறு பேர்.’ முந்திக்கொண்டு ‘நான்’ என்று அனுப்பும் ஆறு பேருக்கு வேலை. ஏழாவது ஆள் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். இவளுடைய கட்டைவிரல் ஒருநாளும் ஏழாவதாக வந்ததில்லை. அதனால்தான் மின்னல்.

மின்னலாக இருப்பது லேசுப்பட்ட காரியமா? குளிக்கப் போனாலும் போன் கூடவே வரும். பிளாஸ்டிக் பையைப் போர்த்திக்கொண்டு சோப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சாப்பிடும்போது தட்டில் என்ன இருக்கிறதென்று பார்க்க மாட்டாள். செய்தி வராத நேரம் இன்னும் மோசம். வெறும் திரையை எவ்வளவு நேரம் பார்ப்பது? யாரோ வீட்டு நாய் குளிப்பதையும் யாரோ ஒருத்தி மாமியாரோடு மல்லுக்கட்டுவதையும் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். எதுவும் மனதில் நிற்காது. பயம் மட்டும் நிற்கும்.

ஒரே அறையில் கூடவே இருந்த அக்காவுக்குத்தான் எரிச்சல்.

“உன் முகத்தைப் பார்த்து ரெண்டு வருஷமாச்சுடி. உன் உச்சந்தலையோடதான் பேசிக்கிட்டு இருக்கேன்.”

“வேலை வந்தா பார்க்கணும்லக்கா.”

“வேலை வரட்டும். நாய் எதுக்குடி குளிக்குது?”

அக்கா நர்ஸ். அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் பயணத்தேதியும் குறித்தாகிவிட்டது. போனால் எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. அதே வாரம் சூப்பர்வைசர் மின்னலைக் கூப்பிட்டு, “இனிமே நீ பர்மனென்ட்மா. தினமும் காலை ஷிப்ட். குரூப்ல முண்டியடிக்க வேண்டாம்” என்றார். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. நின்ற இடத்திலேயே குரூப்பை விட்டு வெளியேறினாள். “நீ கிளம்புறதுக்கு முந்தின சாயங்காலம் பூரா உனக்குத்தான்க்கா. போனைத் தொட்டா ஏன்னு கேளு” என்று வாக்கும் கொடுத்தாள்.

அந்தச் சாயங்காலம் போனை அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, அக்கா துணி மடிப்பதைப் பார்த்து உட்கார்ந்தாள். உட்கார முடிந்தால்தானே! கால் தானாக ஆடியது. காலியாக இருந்த சட்டைப்பை அதிர்ந்ததுபோல இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள்.

“அலமாரியில டேப் இருக்கு, எடுத்துட்டு வாடி. இந்தப் பெட்டியைச் சுத்தணும்” என்றாள் அக்கா.

போனாள், வந்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள். அக்கா பெட்டிமேல் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். சொல்லி முடித்த பிறகு வந்த அமைதிதான் மின்னலை நிமிர வைத்தது. அக்காவின் கண் சிவந்திருந்தது. தன் கையில் டேப் இல்லை, போன் இருந்தது. திரையில் ஒரு பூனை.

“என்னக்கா சொன்னே?”

“ஒண்ணுமில்ல. டேப் எங்க?”

வேலை நிரந்தரமானதை ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். கட்டைவிரலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கெஞ்சினாள், கட்டிப்பிடித்து அழுதாள். “விடுடி, மறந்துபோச்சு” என்பதற்கு மேல் அக்காவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டாள்.

அக்கா போய்ச் சேர்ந்த மறுநாள், கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் மின்னல் அனுப்பினாள்: ‘அன்னைக்கு என்னக்கா சொன்னே?’ அக்கா பார்த்துவிட்டாள். எழுதுகிறாள் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள். மறுபடி நின்றது.

அந்தப் பக்கமாக வந்த சூப்பர்வைசர் சிரித்தார். “பர்மனென்ட் ஆயாச்சுல்ல? இன்னும் எதுக்கும்மா அதையே பார்த்துக்கிட்டு இருக்கே?”

“அக்கா சார்,” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.