பெயிண்டர் வந்திருக்கேன்

சொந்த வீட்டுக் கதவைத் தட்டி, "பெயிண்டர் வந்திருக்கேன், உள்ள வரலாமா?" என்று கேட்பார் என் எதிர்வீட்டுக்காரர். "ரொம்பப் பண்ணாத, வாப்பா" என்று மகளின் குரல் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

சுவருக்கு வண்ணம் அடிப்பது அவர் தொழில். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதோரம் ஒரு பச்சையோ மஞ்சளோ ஒட்டியிருக்கும். பேசும்போது நம் முகத்தை விட்டுவிட்டு நமக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்ப்பார். "தப்பா நெனைக்காதீங்க, சுவத்துல ஓதம் ஏறி ஈரமா இருக்கு" என்பார்.

போன வருஷம் அவருடைய ஒன்பது வயது மகள், அந்த வாயாடி, திடீரென்று வேறு ஆளானாள். முதலில் தூக்கம் போனது. சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்றாள். யாருமில்லாத மூலையோடு பேசினாள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவரைக் கண்டு அலறினாள்: "இது அப்பா இல்ல! அப்பா மாதிரி வேஷம் போட்டு வந்திருக்கான்!"

"செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள். இவர் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. மறுநாள் வாசலில் நின்றபடியே, "நான் அப்பா இல்ல பாப்பா, பெயிண்டர். சுவரப் பாக்க வந்தேன்" என்றார். அவள் வெகுநேரம் யோசித்து, "அந்த ஓரமா உக்காரு" என்றாள்.

"பெத்த பொண்ணுகிட்ட அந்நியனா உக்காந்திருந்தேங்க. ஆனா பக்கத்துல இருந்தேன்ல?"

அவளைக் கூட்டிப்போய்க் காட்டிய மனநல மருத்துவர், அவள் பேச்சு குழறுவதையும் வாய் தானாகக் கோணி இழுப்பதையும் கவனித்து, உடனே நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினார். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். கிருமியை விரட்ட வேண்டிய உடம்பின் காவலே ஆள் மாறி மூளையைத் தாக்கி, அங்கே அழற்சி.

"பிடிவாதமும் இல்ல, வளர்ப்பும் காரணமில்ல. இது வியாதி, மருந்து இருக்குன்னாங்க டாக்டரம்மா. அங்கேயே தரையில உக்காந்துட்டேன்."

மாதக்கணக்கில் சிகிச்சை. பயம் மெல்ல விலகியது. ஒரு காலை, கட்டிலில் இருந்தபடி அவரையே உற்றுப் பார்த்தவள், "அப்பா, மீசையில பெயிண்ட்டு" என்றாளாம். அவர் அதைத் துடைக்காமலே அன்று முழுக்கத் திரிந்திருக்கிறார்.

கணக்குப் பாடத்தில் அவள் இன்னும் தடுமாறுகிறாள். சுருக்கென்று கோபம் வருகிறது. "எல்லாம் பழையபடி வரும், மெதுவா வரும். ஒரே கோட்டிங்ல எந்தச் சுவருங்க மூடியிருக்கு?"

நேற்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் இருவரையும் பார்த்தேன். கூடவே நடந்த என்னிடம் என் மாடிச் சுவரைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். சாலையைக் கடக்கும் இடத்தில் அவள் எங்கோ பார்த்தபடி அவர் பக்கம் கையை நீட்டினாள். அவர் பேச்சை நிறுத்தவில்லை. பெயிண்ட் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, இந்தக் கையை அவளுக்கு எட்டும்படி இறக்கினார்.