குழல் குட்டையான பூ

என் வீட்டுக்காரர் பெட்ரோக் சட்டைப்பையில் பேனா வைத்ததில்லை, ஸ்கேல்தான் இருக்கும். கல்யாணத்தன்று என் கையிலிருந்த டாஃபடில் பூங்கொத்தையே அளந்து, "குழல் குட்டை" என்று உதட்டைப் பிதுக்கிய மனிதர். கண்காட்சிக் கணக்கில், பூவின் நடுக்குழல் இதழ் அளவுக்காவது நீளமாக இருந்தால் முதல் பிரிவு. மயிரிழை குறைந்தாலும் இரண்டாம் பிரிவு. இரண்டாவதெல்லாம் அவருக்குப் பூவே இல்லை.

தன் பெயரில் ஒரு டாஃபடில் வேண்டும், அதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. தூரிகையால் மகரந்தம் தடவி, விதை போட்டு, பூக்க ஐந்து வருடம் காத்திருப்பார். பூத்ததும் அளப்பார். குட்டை என்றால் கிழங்கோடு பிடுங்கி வேலிக்கு மேலே வீசிவிடுவார். அந்தப் பக்கம் அண்டை வீட்டுக்காரி லவ்டேயின் ஆட்டு மேய்ச்சல் நிலம்.

இந்த மார்ச் மலர்க் கண்காட்சிக்கும் அவருடைய முதல் பிரிவுப் பூ முன்சீட்டில் பெல்ட் போட்டு வந்தது. நான் பின்சீட்டில், குங்குமப்பூ பன் தட்டோடு. போய்ப் பார்த்தால் பரிசு லவ்டேயின் பூவுக்கு! வெள்ளை இதழ், ஆரஞ்சுக் குழல், அப்படியொரு அழகு. எங்கள் பூவை ஒருவரும் சீண்டவில்லை.

"இதுக்குப் பேர் இல்லையே, யார் உருவாக்கினது? அவங்கதான் பேர் வைக்கணும்" என்றார் நடுவர்.

"யாருக்குத் தெரியும்? வேலிக்கு மேல பறந்து வந்து என் ஆட்டு மண்டையில விழுந்துச்சு. ஆளு வரலைன்னா ஆட்டுப் பேரையே வச்சிடுங்க. கிளாடிஸ்!" என்றாள் லவ்டே.

பெட்ரோக்கின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"அது... என்னோடது."

"யோவ் பெட்ரோக், சத்தமாச் சொல்லு. குட்டைக் குழல் பூவா? உன்னோடதா?" என்றாள் லவ்டே.

"ஆமாடி, குட்டைதான்! என் பூதான்!"

மண்டபமே கைதட்டியது. நடுவர் அட்டையில் எழுதினார்: பெட்ரோக், இரண்டாம் பிரிவு. மனிதர் உடனே ஸ்கேலை எடுத்து, ஒருவேளை வளர்ந்திருக்குமோ என்று மறுபடி அளந்தார். வளரவில்லை.

"எடுத்துட்டுப் போய்யா. மேய்ச்சல் பூரா உன் குப்பைதான் பூத்துக் கிடக்கு" என்றாள் லவ்டே.

வரும்போது முன்சீட்டில் நான், மடியில் அந்தப் பூ. முதல் பிரிவுப் பூ பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் உருண்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏங்க, என் கல்யாணக் கொத்து?" என்றேன்.

சாலையைப் பார்த்தபடியே கியரை மாற்றினார்.

"அதுவும் நல்ல பூதான்" என்றார்.